நைரோபியில் துணை நிறுவனம்: ஐம்பது பேர் கொண்ட பம்பு நிறுவனத்துக்கு இது தாங்குமா?

கோவை_பம்பு:

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூர் கணபதியில் நான்கு அங்குல நீர்மூழ்கி மோட்டார் பம்புகளும் அவற்றுக்கான ஸ்டார்ட்டர் பெட்டிகளும் தயாரிக்கும் சிறிய பிரைவேட் லிமிடெட் நிறுவனம் எங்களுடையது. பட்டறையும் அலுவலகமுமாகச் சேர்த்து ஐம்பத்திரண்டு பேர் இருக்கிறோம். ஒன்பது ஆண்டுகளாக நைரோபியில் உள்ள ஒரு விநியோகஸ்தர் வழியாகக் கென்யாவுக்குச் சரக்கு அனுப்பி வருகிறோம். எங்கள் விற்பனையில் ஏறத்தாழ கால் பங்கு அங்கேதான். ஆனால் இரண்டு ஆண்டுகளாக அவர் எங்கள் பம்புக்குப் பக்கத்திலேயே விலை குறைந்த வேறொரு நாட்டுப் பம்பையும் அடுக்கி வைத்து விற்கிறார். உதிரிபாகங்களை இருப்பு வைப்பதில்லை. மோட்டார் எரிந்து வந்தால், அது எங்கள் வைண்டிங்கின் குறையா, மின்னழுத்தம் ஏறி இறங்கியதால் வந்ததா என்று பார்க்காமலே உத்தரவாதக் கணக்கில் எழுதி, எங்களுக்குத் தர வேண்டிய தொகையில் கழித்துக்கொள்கிறார். எரிந்த மோட்டாரின் படம்கூட வருவதில்லை.

ஆகவே முழுக்க எங்களுக்கே சொந்தமான துணை நிறுவனம் ஒன்றை நைரோபியில் தொடங்கி, ஒரு குடோனும் ஒரு சர்வீஸ் மேசையும் வைக்கலாமா என்று யோசிக்கிறோம். பதிவு செய்வது சில வாரங்களில் முடிந்துவிடும் என்று ஆலோசகர்கள் சொல்கிறார்கள்; அதில் எனக்கும் ஐயமில்லை. அதற்குப் பிறகு வரும் மூன்றாம், நான்காம் ஆண்டைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை. கணக்குப் பிரிவில் இரண்டு பேர், ஏற்றுமதித் தாள்களைப் பார்ப்பவர் ஒருவர், மற்றதெல்லாம் நானும் என் தம்பியும் என்ற அளவில் இருக்கும் ஒரு நிறுவனம், வெளிநாட்டில் இன்னொரு நிறுவனத்தை நடத்தும்போது எங்கே இடறுகிறது என்பதைப் பட்டறிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

ஏட்டுக்கணக்கு:

ஐயா, நான் ஈரோட்டில் பட்டயக் கணக்கராகத் தொழில் செய்கிறேன். வெளிநாட்டில் துணை நிறுவனம் வைத்திருக்கும் சிறு நிறுவனங்கள் சிலவற்றின் கணக்கைப் பார்ப்பதால், இந்தியப் பக்கத்தில் நடப்பதை மட்டும் எழுதுகிறேன். கென்ய நிலவரத்தை அங்கே இருந்தவர்கள் சொல்வதே முறை.

2022 ஆகஸ்ட் 22 முதல் நடைமுறையில் உள்ள, அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமான ஃபெமாவின் வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி, நிறுவனத்தின் நிகர மதிப்பில் 400 விழுக்காடு வரை ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமலே வெளிநாட்டில் முதலீடு செய்யலாம். ஆகவே வரம்பு உங்களுக்கு ஒரு தடையாக இராது. ஆனால் முதல் டாலர் போவதற்கு முன்பே உங்கள் வங்கி வழியாக முதலீட்டு விவரங்களைச் சொல்லும் எஃப்சி படிவம் கொடுத்து, யூஐஎன் என்னும் தனி அடையாள எண்ணைப் பெற்றாக வேண்டும். உங்கள் கிளையில் இருப்பவர்கள் நாள்தோறும் ஏற்றுமதி பில்களைப் பார்த்துப் பழகியவர்கள். வெளிநாட்டு முதலீட்டுக் கோப்பு ஆண்டுக்கு ஒன்றுகூட வராத கிளைகள் உண்டு. என் வாடிக்கையாளர் ஒருவரின் கோப்பு கிளைக்கும் தலைமை அலுவலகத்துக்கும் இடையே போய்த் திரும்பியதிலேயே பதினோரு வாரம் ஓடிவிட்டது. அதற்குள் அங்கே குடோனுக்கு முன்பணம் கட்ட வேண்டிய நாள் வந்துவிடவே, அவர் அந்த ஊரில் இருந்த உறவினர் ஒருவரிடம் கைமாற்று வாங்கிக் கட்டிவிட்டார். கைமாற்று வாங்கியது ஒரே நாளில் முடிந்த வேலை. அதை விதிகளுக்கு உட்பட்ட கணக்காக மாற்ற இரண்டு ஆண்டுகள் ஆயின. எவ்வளவு அவசரமானாலும் அதை மட்டும் செய்துவிடாதீர்கள்.

அதன் பிறகு ஆண்டுதோறும் ஜூலை 15க்குள் வெளிநாட்டுச் சொத்து, கடன் விவரங்களுக்கான எஃப்எல்ஏ அறிக்கையும், டிசம்பர் 31க்குள் துணை நிறுவனத்தைப் பற்றிய ஏபிஆர் என்னும் செயல்பாட்டு அறிக்கையும் போக வேண்டும். தாமதக் கட்டணம் 7,500 ரூபாய்தானே என்று பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். கட்டணம் சிறியதுதான், ஆனால் நிலுவையைச் சரிசெய்யும் வரை அந்தத் துணை நிறுவனத்துக்கு மேற்கொண்டு முதலீடோ கடனோ அனுப்ப முடியாது. அங்கே சம்பளம் போடப் பணம் இல்லாத மாதத்தில்தான் இந்தத் தடை நினைவுக்கு வரும். நிறுவனம் உங்கள் கட்டுப்பாட்டில் இருப்பதால், ஏபிஆர் அறிக்கையைத் தணிக்கை செய்யப்பட்ட கணக்கை வைத்துத்தான் தர முடியும். அங்குள்ள தணிக்கையாளர் கணக்கை முடித்துத் தரத் தாமதித்தால் இங்கே உங்கள் கை கட்டப்படும்.

இன்னொன்றைச் சொன்னால் பெரும்பாலானவர்கள் நம்ப மறுக்கிறார்கள். நம் நிறுவனச் சட்டம் 'சிறிய நிறுவனம்' என்ற பிரிவுக்குச் சில சலுகைகள் தருகிறது. நீங்கள் இப்போது அதில் இருக்கக்கூடும். ஆனால் ஒரு துணை நிறுவனத்துக்குத் தாய் நிறுவனமாகிவிட்டால், மூலதனமும் விற்பனையும் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அந்தப் பிரிவில் இடமில்லை. துணை நிறுவனம் வெளிநாட்டில் இருந்தாலும் இதேதான். ஆண்டுக்கு இரண்டு இயக்குநர் கூட்டம் போதும் என்றிருந்தது நான்காகும். பணப்புழக்க அறிக்கையும் இரண்டு நிறுவனங்களையும் இணைத்த தொகுப்புக் கணக்கும் தயாரிக்க வேண்டும். பங்குகளைக் காகிதச் சான்றிதழிலிருந்து டீமேட் என்னும் மின்னணு வடிவத்துக்கு மாற்ற வேண்டும். நைரோபியில் ஒரு பம்புகூட விற்பதற்கு முன்பே கணபதியில் தாள் வேலை இரட்டிப்பாகிவிடும் என்பதே இதன் பொருள்.

வரியைப் பொறுத்தவரை, தாய் நிறுவனமும் துணை நிறுவனமும் தங்களுக்குள் என்ன விலைக்கு விற்றுக்கொள்கின்றன என்பதை இரு நாட்டு வரித்துறைகளும் கேட்கும். தொகை எவ்வளவு சிறிதாயினும் கணக்கரின் சான்று ஆண்டுதோறும் தேவை. உங்கள் விநியோகஸ்தருக்குக் கொடுத்து வந்த விலைப்பட்டியலைப் பத்திரப்படுத்துங்கள். அந்நியர் ஒருவருக்கு இதே சரக்கை இந்த விலைக்கு விற்றோம் என்பதற்கு அதைவிட நல்ல சான்று உங்களுக்குக் கிடைக்காது. கோவையில் இருந்துகொண்டே எல்லா முடிவும் எடுப்பதால் கென்ய நிறுவனத்தையே இந்தியாவில் வசிப்பதாகக் கருதி வரி போடுவார்களோ என்ற அச்சம் வேண்டாம்: ஆண்டு விற்பனை 50 கோடி ரூபாய்க்கு மேற்படாத வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அந்த விதி பொருந்தாது என்று நேரடி வரிகள் வாரியம் 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையில் தெளிவாக்கியிருக்கிறது.

கடைசியாக, நான் அடிக்கடி பார்க்கும் விபத்து. துணை நிறுவனத்துக்குக் கடனுக்குச் சரக்கு அனுப்புகிறீர்கள், அது கடைக்காரர்களுக்குக் கடனுக்கு விற்கிறது, அவர்கள் தரவில்லை, ஆகவே அது உங்களுக்குத் தரவில்லை. நம் பிள்ளைதானே, மெதுவாகத் தரட்டும் என்று நீங்கள் விட்டுவிடலாம். வங்கியின் ஏற்றுமதிக் கண்காணிப்பில் அந்த பில் வசூலாகாத பாக்கியாகவே நிற்கும். அப்படிப் பல பில்கள் சேர்ந்தால், ஒழுங்காகப் பணம் தரும் மற்ற வாடிக்கையாளர்களுக்கு நீங்கள் செய்யும் ஏற்றுமதியும் சிக்கலாகும். அந்தப் பாக்கியைப் பங்கு மூலதனமாக மாற்றிக்கொள்ள விதி இடம் தருகிறது, ஆனால் வசூலுக்குரிய கெடுவுக்குள் மாற்ற வேண்டும். கெடு கடந்த பிறகு என்னிடம் வருபவர்களே அதிகம்.

மொம்பாசா_சாலை:

தமிழ்நாட்டு நிறுவனம் ஒன்றின் நைரோபித் துணை நிறுவனத்தை 2018 முதல் 2024 வரை மேலாளராக இருந்து நடத்தினேன். உங்கள் தொழிலுக்கு அண்டைத் தொழில்தான். பம்பும் மோட்டாரும் எங்கள் குடோனிலும் இருந்தன. பெரியவர் ஏட்டுக்கணக்கு எழுதியவை அனைத்தும் உண்மை. ஆனால் எங்களை ஆட்டி வைத்தவை வேறு.

ஒரு மோட்டாரின் கதையைச் சொல்கிறேன். மச்சாகோஸ் பக்கத்திலிருந்து ஒரு ஃபுண்டி, அதாவது ஊர்களில் பம்பு இறக்கி ஏற்றும் மெக்கானிக், எரிந்த மோட்டாரைச் சோளச் சாக்கில் சுற்றி, மட்டாட்டு என்னும் சிற்றுந்தில் எடுத்துக்கொண்டு வந்தார். கூடவே ஸ்டார்ட்டர் பெட்டியும் இருந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தேன். நாங்கள் வைத்திருந்த கெப்பாசிட்டர் இல்லை. அதைவிட மதிப்புக் கூடிய ஒன்றை யாரோ செருகி, டேப் சுற்றி வைத்திருந்தார்கள். உத்தரவாத விதிப்படி மாற்றித் தரவே கூடாது. ஆனால் அந்த விவசாயிக்கு அரை ஏக்கர் சுக்குமா கீரை வாடிக்கொண்டிருக்கிறது. அந்த ஃபுண்டி ஆண்டுக்கு முப்பது பம்பு இறக்குபவர். எங்கள் தலைமை அலுவலகத்தைக் கேட்டால், எட்டுப் படங்களும் ஒரு படிவமும் அனுப்பச் சொல்லி, பொறியாளர் பார்த்துப் பதில் தர நான்கு நாளாகும். இந்திய நேரம் இரண்டரை மணி முன்னால் ஓடுவதால், நைரோபியில் பிற்பகல் மூன்றரை மணிக்குச் சிக்கல் என்றால் இந்தியாவில் அலுவலகத்தைப் பூட்டிவிட்டிருப்பார்கள். நான் என் பொறுப்பில் புதிய மோட்டாரைக் கொடுத்தனுப்பினேன். பிறகு ஐந்து மாதம், யாருடைய செலவில் எழுதுவது என்று கடிதப் போக்குவரத்து நடந்தது. கடைசியில், குறிப்பிட்ட தொகை வரை கேட்காமலே மாற்றித் தரலாம், மாதக் கடைசியில் எரிந்த மோட்டார்களின் எண்களை மட்டும் அனுப்பினால் போதும் என்று ஒரு பக்கக் கடிதம் வாங்கினேன். அந்த ஒரு பக்கத்தைப் பெற எங்களுக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. நீங்கள் பதிவு செய்யும் நாளிலேயே அதை எழுதிக் கொடுத்துவிடுங்கள். விநியோகஸ்தரிடம் இப்போது உங்களுக்கு இருக்கும் அதே தகராறு, உங்கள் சொந்தத் துணை நிறுவனத்தோடும் தவறாமல் வரும்.

அடுத்தது கென்ய நாணயமான ஷில்லிங். 2022 தொடக்கத்தில் டாலருக்கு 113 ஷில்லிங் அளவில் இருந்தது 2024 ஜனவரியில் 160ஐத் தொட்டது. கடைக்காரர்களுக்கு ஷில்லிங்கில் தொண்ணூறு நாள் கடன் கொடுத்துவிட்டு, கோவைக்கு டாலரில் கட்ட வேண்டியவர்களின் லாபம் அந்தத் தொண்ணூறு நாளிலேயே கரைந்தது. இது எல்லோருக்கும் தெரிந்த பாடு. தெரியாத பாடு அதற்குப் பிறகு வந்தது. மார்ச் இறுதிக்குள் மதிப்பு மீண்டு 130 அளவுக்கு வந்துவிட்டது. 160 கணக்கில் வாங்கி இறக்கிய சரக்கு எங்கள் குடோனில் நிறைந்து கிடக்க, போட்டியாளர்கள் 130 கணக்கில் புதுச் சரக்கை இறக்கி விலையைக் குறைத்தார்கள். நாணயம் விழுந்தாலும் நட்டம், எழுந்தாலும் நட்டம் என்பதை எங்கள் முதலாளிக்குத் தொலைபேசியில் விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. விநியோகஸ்தர் இருந்தவரை இந்த அடியை உங்களுக்காக அவர் வாங்கிக்கொண்டிருந்தார் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அதோடு மழையும் சேர்ந்துகொள்ளும். மார்ச் முதல் மே வரை நீண்ட மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை குறுமழை. அந்த மாதங்களில் பம்பு விற்பனை படுத்துவிடும். தூத்துக்குடியிலோ கொச்சியிலோ ஏற்றிய கண்டெய்னர் மொம்பாசாவில் இறங்கி, ரயிலில் எம்பகாசி உள்நாட்டுக் கண்டெய்னர் நிலையத்துக்கு வந்து, சுங்கம் முடிந்து குடோனைச் சேரும்போது வறட்சி மாதமாக இருக்க வேண்டும். கப்பல் ஏறுமுன் எடுக்க வேண்டிய கென்யத் தரச் சான்றில் மாடல் எண் ஒன்று பிசகினாலும் பெட்டி நிலையத்திலேயே நிற்கும். நாள் வாடகை ஏறும். பிறகு மழை தொடங்கிவிடும். எங்களுக்கு அப்படி ஒருமுறை நடந்தது: பில்லில் இருந்த குதிரைத்திறனும் சான்றில் இருந்த கிலோவாட்டும் ஒத்துப்போகவில்லை என்று பத்தொன்பது நாள்.

மாதக் கடமைகள் வேறு. சம்பள வரி 9ஆம் தேதிக்குள், 16 விழுக்காடு வாட் கணக்கு 20ஆம் தேதிக்குள். 2024 முதல், இ-டிம்ஸ் என்னும் மின்னணு விலைச்சீட்டு இல்லாத செலவுகளைப் பொதுவாக வரிக்கணக்கில் கழிக்க முடியாது. கண்டெய்னர் இறக்கும் கூலியாட்களும் கைவண்டிக்காரர்களும் எந்த மின்னணுச் சீட்டைத் தருவார்கள்? நீங்கள் உண்மையாகவே செய்த செலவு கணக்கில் லாபமாக நிற்கும். அதற்கு 30 விழுக்காடு வரி.

இவ்வளவையும் பார்ப்பதற்கு அங்கே ஆள் வேண்டும், அந்த ஆளைப் பார்ப்பதற்கு இங்கே ஆள் வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கு இந்தச் செலவு பத்தோடு பதினொன்று. ஐந்து பேர் வேலை செய்யும் துணை நிறுவனத்துக்கும் அதே எண்ணிக்கையில்தான் படிவங்கள்.

ஜூரோங்_மேற்கு:

நான் மாறாக ஒரு கருத்தைச் சொல்லலாமா? சேலத்தைச் சேர்ந்த எங்கள் மென்பொருள் நிறுவனம் 2016இல் சிங்கப்பூரில் துணை நிறுவனம் தொடங்கி 2021இல் மூடியது. தொழில் செய்ய எளிதான நாடு என்று பெயர் பெற்ற ஊரிலேயே நாங்கள் திணறினோம். உள்ளூரில் வசிக்கும் இயக்குநர் ஒருவர் கட்டாயம் என்பதால், ஆண்டுக் கட்டணம் கொடுத்து ஒருவரைப் பெயருக்கு அமர்த்தினோம். அவர் கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு தாளையும் கேள்வி கேட்பார். சட்டப்படி பொறுப்பு அவருடையது என்பதால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. சிறிய நிறுவனங்களுக்குத் தணிக்கை விலக்கு உண்டு என்று சொல்லித்தான் தொடங்க வைத்தார்கள். விற்பனை, சொத்து, ஆள் எண்ணிக்கை ஆகிய மூன்று வரம்புகளில் இரண்டுக்குள் இருந்தால் விலக்கு என்பது சரிதான். ஆனால் தாய் நிறுவனத்தையும் சேர்த்து மொத்தக் குழுமமும் அந்த வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை. சேலத்தில் எங்களுக்கு எழுபது பேர்.

மூடுவதற்குப் பதினான்கு மாதமாயிற்று. வருமானம் நின்றுபோன நிறுவனத்துக்குச் செயலரும் கணக்கரும் இயக்குநரும் அந்தப் பதினான்கு மாதமும் கட்டணம் வாங்கினார்கள்.

கோவை நண்பருக்கு என் யோசனை இது. விநியோகஸ்தரை மாற்றுங்கள், அல்லது இருப்பவரோடு போட்ட ஒப்பந்தத்தை மாற்றுங்கள்: உதிரிபாக இருப்புக்குக் கீழ்வரம்பு, எரிந்த மோட்டாருக்குப் படமும் எண்ணும் கட்டாயம், பக்கத்தில் வேறு பம்பு வைத்தால் விலைச்சலுகை இல்லை. உங்கள் மெக்கானிக் ஒருவரை ஆண்டில் நான்கு மாதம் அவர் கடையிலேயே உட்கார வையுங்கள். கால் பங்கு விற்பனையைக் காப்பாற்ற நீங்களும் தம்பியும் இருக்கும் முழு நேரத்தையும் செலவழித்தால், மீதி முக்கால் பங்கை யார் பார்ப்பது?

ஏட்டுக்கணக்கு:

ஜூரோங் நண்பர் சொல்லும் வழி நல்லதுதான். ஒரு எச்சரிக்கையை மட்டும் சேர்க்கிறேன். மெக்கானிக்கை நான்கு மாதம் அங்கே வைத்து வேலை வாங்கினால், அவருக்கு உரிய வேலை அனுமதி வேண்டும். சுற்றுலாவுக்கு வருவதாக அனுப்புவது குற்றம். மேலும், பதிவு செய்யப்படாத உங்கள் நிலையம் ஒன்று அங்கே இயங்குவதாகக் கென்ய வரித்துறை கருதவும் இடமுண்டு. எத்தனை நாள், என்ன வேலை என்பதை இரு நாட்டு வரி ஒப்பந்தத்தைப் படித்தவர் ஒருவரிடம் காட்டிய பிறகு டிக்கெட் எடுங்கள்.

கோவை_பம்பு:

மூவருக்கும் மிக்க நன்றி. சிறிய நிறுவனச் சலுகை போய்விடும் என்பது உண்மையிலேயே எனக்குப் புதிய செய்தி. எங்கள் ஆடிட்டரிடம் கேட்டேன், ஆமாம் என்றார், இதுவரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்குச் சிரித்தார். ஷில்லிங் அடியை விநியோகஸ்தர் வாங்கிக்கொண்டிருந்தார் என்பதும் என்னை யோசிக்க வைத்துவிட்டது. இந்த ஆண்டு முடிவு எடுக்கப்போவதில்லை. முதலில் தம்பி ஒரு மாதம் நைரோபி போய்ப் பார்த்து வரலாம் என்று நினைக்கிறோம். அவர் எதைப் பார்த்து வர வேண்டும் என்று மொம்பாசா சாலை ஐயா சொல்ல முடியுமா?

மொம்பாசா_சாலை:

தம்பியை வறட்சி மாதத்தில் அனுப்பாதீர்கள். அப்போது எல்லோரும் ஓடிக்கொண்டிருப்பார்கள், யாரும் அவரிடம் உட்கார்ந்து பேச மாட்டார்கள். ஏப்ரலில் போகட்டும். மழைக்காலத்தில் ஃபுண்டிகளுக்கு வேலை குறைவு; ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்தால் எந்த பம்பு எத்தனை மாதத்தில் எரிகிறது, யார் கடையில் சீலும் பேரிங்கும் கிடைக்கிறது என்பதை மறைக்காமல் சொல்வார்கள். விநியோகஸ்தர் ஏற்பாடு செய்யும் காரில் போகாமல், மச்சாகோஸ், கஜியாடோ, நைவாஷா என்று ஊர் ஊராக வன்பொருள் கடைகளுக்குத் தானே போகட்டும். கடைக்காரரிடம் விலை கேட்க வேண்டாம். உங்கள் பம்புக்கு ஒரு இம்பெல்லர் தொகுதி வேண்டும் என்று கேட்கட்டும். பத்துக் கடைகளில் எத்தனை கடையில் கிடைக்கிறது என்று எண்ணிக்கொண்டு வந்தால், சர்வீஸ் மேசை வேண்டுமா, இல்லை உதிரிபாகப் பெட்டி ஒன்றை விமானத்தில் அனுப்பினாலே போதுமா என்பது தெரிந்துவிடும்.